முஸ்தபா கேம்: ரெண்டு பேரு வீட்ல, ஒருத்தன் சிங்கப்பூர்ல

முஸ்தபா கேம்னு சொன்னா நம்ம ஊர்ல 90ஸ்ல ஸ்கூல் போனவனுக்கு விளக்கமே தேவையில்ல. ஒரிஜினல் பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993ல விட்ட ஆர்கேட் கேம், அந்தப் பேர நான் தெரிஞ்சுக்கிட்டதே காலேஜ் முடிச்சப்புறம் தான். மஞ்சத் தொப்பி போட்டுட்டு ஓடிவந்து பறந்து மிதிப்பானே, அவன் தான் முஸ்தபா. இருக்கிற நாலு ஆள்ல அவன் தான் வேகம், அதனால மூணு பேரு காயின் போட்டா மூணு பேருக்கும் அவன் தான் வேணும். நானு, என் தம்பி, எங்க அத்தை பையன் மூணு பேரும் திருநெல்வேலில ஒரு கடைல இதுக்காகவே அடிச்சுக்கிட்டு, கடைக்காரர் வெளிய தள்ளுன கதையெல்லாம் இருக்கு.

இப்ப மச்சான் சிங்கப்பூர்ல. தம்பி லீவுக்கு குடும்பத்தோட மதுரைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தான். ராத்திரி சாப்பிட்டுட்டு பேசிட்டு இருக்கும்போது இந்தப் பேச்சு வந்துச்சு, உடனே வீடியோ கால்ல மச்சான கூப்பிட்டு "ஏல, மூணு பேரும் ஆடுவோமா"ன்னு கேட்டாச்சு. லேப்டாப்ப டிவில மாட்டி இங்க ரெண்டு கேம் பேட், அவன் அங்கருந்து ஒரு பேட், அவ்ளோதானே, ஒரு மணி நேர வேலைன்னு வாய விட்டேன். நாலு ராத்திரி ஆச்சு. அந்த நாலு ராத்திரில எங்கெங்க மாட்டுனேன்னு இங்க எழுதி வைக்கிறேன், அடுத்த தடவ எனக்கே தேவப்படும்.

எமுலேட்டர்னா பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கிற மென்பொருள், நான் எடுத்தது ரெட்ரோஆர்ச். இது வெறும் கூடு மாதிரி, உள்ள எந்த மெஷின் ஓடணுமோ அதுக்குத் தனியா ஒரு கோர் போடணும், ஆர்கேட் கேமுக்கு நான் போட்டது ஃபைனல்பர்ன் நியோ. ரோம், அதாவது அந்த கேமோட ஃபைல், எங்க கிடைக்கும்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். காசு குடுத்து வாங்கலாம்னா அதுக்கும் வழி இல்ல. இது ஒரு அமெரிக்க காமிக்ஸோட உரிமத்துல பண்ண கேம், 2018ல கேப்காம் தன்னோட பழைய அடிதடி கேமெல்லாம் சேத்து 7 கேம் ஒரு தொகுப்பா விட்டாங்க, அதுல கூட இது இல்ல.

முதல் ராத்திரி, வீட்டுக்குள்ள மட்டும். கைல ஒரே ஒரு யூஎஸ்பி பேட் தான் இருந்துச்சு, சரி நான் கீபோர்டுல ஆடுறேன்னு உக்காந்தேன். ஆரோ கீ, இசட், எக்ஸ் எல்லாம் ஏற்கனவே முதல் ஆளுக்கு செட் ஆயிருக்கும், தம்பி பேட முதல் ஆளா வச்சுட்டு ரெண்டாவது ஆளுக்கு எழுத்து கீயா பாத்து ஜி, ஹெச், ஜே பக்கமா செட் பண்ணேன். ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம், முதல் ஸ்டேஜ்ல நல்லா அடிச்சுட்டு இருக்கோம், திடீர்னு கேம் மறுபடியும் முதல்லருந்து ஓடுது. கரன்ட் கூட போகல. மறுபடி காயின் போட்டு ஆரம்பிச்சா மறுபடியும் அதே. மூணாவது தடவ தான் உறைச்சுது, ரெட்ரோஆர்ச்ல ஹெச் கீ அமுக்குனா கேம் ரீசெட்! அதே மாதிரி பி அமுக்குனா பாஸ், ஆர் ரீவைண்டுக்கு, எஃப் ஃபுல் ஸ்க்ரீன், ஸ்பேஸ் அமுக்குனா வேகமா ஓடும், எஸ்கேப் ரெண்டு தடவ அமுக்குனா ஆளயே வெளிய தள்ளிரும். கீபோர்டு முழுக்க கண்ணிவெடி. ஹாட்கீ எனேபிள்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுக்கு ஒரு கீ குடுத்துட்டா அந்த கீய பிடிச்சுட்டு அமுக்குனா தான் இந்த வேலையெல்லாம் நடக்கும், இல்லன்னா ஸ்க்ரோல் லாக் அமுக்கி கேம் ஃபோகஸ் போட்டுக்கலாம். அத சரி பண்ணப்புறமும் கீபோர்டு சரிப்பட்டு வரல, ஏன்னா லேப்டாப் கீபோர்டுல மூணு நாலு கீய ஒரே நேரத்துல அமுக்குனா சிலது பதிவே ஆகாது, உள்ள வயர் எல்லாம் கட்டம் கட்டமா ஒன்னோட ஒன்னு பகிர்ந்து தான் போகுது. இந்த கேம்ல அடியும் ஜம்ப்பும் சேத்து அமுக்கினா தான் ஸ்பெஷல், அந்த நேரம் பாத்து அது வராது.

மறுநாள் கடைல போய் அதே மாடல் இன்னொரு பேட் வாங்கிட்டு வந்தேன், எந்த கம்பெனின்னே எழுதாத, எல்லா கம்ப்யூட்டர் கடைலயும் தொங்குமே அந்த பேட். இங்க தான் ரெண்டாவது கூத்து. ஒரு பேட அமுக்குனா ரெண்டு ஆளும் ஒன்னா நடக்குறானுங்க, இன்னொரு பேட் பேசவே இல்ல. ராணுவ அணிவகுப்பு மாதிரி ரெண்டு பேரும் சேந்து திரும்புறானுங்க, சேந்து குத்துறானுங்க. முந்தின நாள் நோண்டும்போது போர்ட் 1, போர்ட் 2 (அதாவது முதல் ஆளு, ரெண்டாவது ஆளு) ரெண்டுக்கும் ஒரே பேட் நம்பர குடுத்து சேவ் பண்ணி வச்சிருக்கேன். ரெண்டு பேடும் ஒரே மாடல், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒரே பேரு தான், எது ஒன்னு எது ரெண்டுன்னு லிஸ்டுல பாத்தா தெரியாது. இன்புட் செட்டிங்ல ஒவ்வொரு போர்டா உள்ள போய் டிவைஸ் இண்டெக்ஸ்னு இருக்கும், அத ஒன்னு ரெண்டுன்னு பிரிச்சு விட்டதும் சரியாப் போச்சு. அப்புறம் ரெண்டு பேடையும் எந்த யூஎஸ்பி ஓட்டைல சொருகுறேன்னு மார்க்கர்ல எழுதி வச்சுட்டேன், மாத்திச் சொருகுனா நம்பரும் மாறுது.

அதோட முடிஞ்சுதான்னா, தம்பி மகன் இருக்கானே. ஒம்போது வயசு, நாங்க ஆடுறத பாத்துட்டு பேட புடுங்கிட்டான். கொஞ்ச நேரத்துல "பெரியப்பா, என் ஆளு நடக்க மாட்டேங்கான்"ங்கான். அடிக்கிறான், குதிக்கிறான், நடக்க மட்டும் மாட்டேங்கான். நான் செட்டிங் எல்லாம் தொறந்து அர மணி நேரம் தேடி, கடைசில பாத்தா பேட் நடுவுல ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா சிவப்பு லைட் எரியும், அத அமுக்கி விட்டிருக்கான். இந்த சீப்பான பேடுல அந்த லைட் அணைஞ்சிருந்தா அம்புக்குறி பட்டன் ஜாய்ஸ்டிக் மாதிரி சிக்னல் அனுப்பும், எரிஞ்சா வேற மாதிரி அனுப்பும், நாம எந்த நெலமைல செட் பண்ணோமோ அதுல இருந்தா தான் வேலை செய்யும். அந்த பட்டன் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டியாச்சு. மொத்த வேலைலயும் எனக்கு ரொம்ப திருப்தி குடுத்த ரிப்பேர் அது தான்.

இனி ஆன்லைன். மச்சான்கிட்ட ரெட்ரோஆர்ச் போடச் சொன்னேன், அவன் "ஏற்கனவே இருக்குடே"ன்னான். அங்க தான் முதல் தப்பு. அவன் கோர் எந்தக் காலத்துல எறக்குனதோ. நெட்ப்ளேல, அதாவது நெட் வழியா சேந்து ஆடுறதுல, ரெண்டு பக்கமும் கேம் தனித்தனியா ஓடுது, வீடியோ எதுவும் அனுப்புறதில்ல, யார் எந்த பட்டன அமுக்குனாங்கிறது மட்டும் தான் போகுது வருது. அதனால ரெண்டு மெஷினும் அச்சு அசலா ஒரே மாதிரி ஓடணும், கோர் வெர்ஷன் ஒன்னா இருக்கணும், ரோம் ஒன்னா இருக்கணும். அவன்கிட்ட இருந்தது அமெரிக்கப் பதிப்பு, என்னது உலகப் பதிப்பு, பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஆனா அதுக்கு வேற. ஒரே நாள்ல ரெண்டு பேரும் அப்டேட்டர்ல போய் கோர திரும்ப எறக்கி, கேமையும் ஒரே பதிப்பா வச்சதும் ரெண்டும் ஒத்துப் போகலன்னு வந்த வார்னிங் எல்லாம் போச்சு.

நான் ஹோஸ்ட், அதாவது ஆட்டத்த நடத்துறவன், மத்தவங்க என்கிட்ட வந்து சேரணும். ரெட்ரோஆர்ச் கேக்குற போர்ட் (நெட்லருந்து உள்ள வர்ற வாசல் நம்பர்) 55435, ரூட்டர்ல அத தொறந்து விட்டா நேரா வந்துரலாம்னு படிச்சுட்டு ரூட்டர் பக்கத்துல போய் தொறந்தேன். வரல. விண்டோஸ் ஃபயர்வால்ல அனுமதி குடுத்தேன். வரல. வீட்டுக்குள்ளயே மனைவி லேப்டாப்லருந்து சேந்தா சேருது, வெளியருந்து வரல. அப்புறம் ரூட்டர்ல வான் ஐபி, அதாவது ரூட்டருக்கு நெட் கம்பெனி குடுத்த முகவரி, என்னன்னு பாத்தேன், 100.80ன்னு ஆரம்பிக்குது, கூகுள்ல என் ஐபி என்னன்னு கேட்டா வேற ஒன்னு காட்டுது. அப்ப தான் புரிஞ்சுது. 100.64லருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரி எல்லாம் நெட் கம்பெனிக்காரங்க உள்ளுக்குள்ள வச்சுக்கிறது, நூத்துக்கணக்கான வீட்டுக்கு வெளிய ஒரே முகவரி. ஒரே கதவு நம்பர் உள்ள அபார்ட்மெண்ட் மாதிரி, என் வீட்டு வாசல தொறந்து வச்சு என்ன பிரயோஜனம், கீழ கேட்டு பூட்டியிருக்கு. இதுக்கு சிஜிநாட்னு பேரு. தனி ஐபி வேணும்னா மாசாமாசம் தனி காசுன்னு சொன்னாங்க, ஒரு கேமுக்காக அதெல்லாம் வேண்டாம்.

ரெட்ரோஆர்ச்லயே இதுக்கு வழி வச்சிருக்கான், ரிலே சர்வர். ரெண்டு பேரும் வெளிய போய் நடுவுல ஒரு சர்வர்ல சந்திச்சுக்குறது, போர்ட் தொறக்குற வேலையே இல்ல. ஆன் பண்ணேன், மச்சான் சேந்துட்டான், வீட்ல ஒரே கூச்சல். ஆனா கேம் ஓடுதா? நாலு அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள நிக்குது, பின்னாடி போகுது, செத்த ரவுடி எந்திரிச்சு வந்து மறுபடி அடிக்கிறான். கடல் தாண்டி ஆடுனா இப்படித்தான் இருக்கும் போலன்னு அன்னைக்கு ராத்திரி படுத்துட்டேன். மறுநாள் டீ குடிக்கும்போது தான் அந்த ரிலே சர்வர் எங்க இருக்குன்னு தோணுச்சு. போய்ப் பாத்தா நியூயார்க்! அது தான் டிஃபால்ட். நான் மதுரைல பட்டன அமுக்குனா அது அமெரிக்கா போய்ட்டு சிங்கப்பூர் வருது, அவன் அமுக்குனது அதே வழில திரும்ப வருது. மாமியார் வீடு பக்கத்துத் தெருல இருக்க, ஊரச் சுத்தி பஸ்ஸுல போன கதை. லிஸ்டுல தென்கிழக்கு ஆசியா, சிங்கப்பூர்னே ஒன்னு இருக்கு, அத போட்டேன். அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே சர்வர்.

அதுக்கப்புறம் பிங் 70 மில்லிசெகண்ட் பக்கம் வந்துச்சு. இது போய்ட்டு வர்ற நேரம். இதுக்கும் கீழ எவ்ளோ வரும்னு கணக்கு போட்டுப் பாத்தேன், சென்னைலருந்து சிங்கப்பூருக்கு கடலுக்கடியில நேரா கேபிள் இருக்கு, தோராயமா 3000 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, கண்ணாடி இழைல வெளிச்சம் ஒரு செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப ஒரு வழிக்கு மட்டும் 15 மில்லிசெகண்ட், அதுக்குக் கீழ எந்தக் கொம்பனாலயும் கொறைக்க முடியாது. மதுரைலருந்து சென்னை, நடுவுல ரூட்டர்கள், ரிலே எல்லாம் சேத்து 70ங்கிறது மோசமில்ல.

இந்த நேரத்துல ஒரு இடைஞ்சல். மூணு பேரும் சேரலாம்னு பாத்தா, மச்சான் வர்றதுக்கு முன்னாடியே எவனோ ஒருத்தன் உள்ள வந்து காயின் போட்டு ஆட ஆரம்பிச்சுட்டான். நாங்க மச்சான்னு நெனச்சு "ஏல பின்னாடி வா, பின்னாடி வா"ன்னு போன்ல கத்துறோம், அவன் "நான் இன்னும் கனெக்டே பண்ணலியே"ங்கான். பொதுவா அறிவிச்சு ஹோஸ்ட் பண்ணா லாபிங்கிற பொது லிஸ்டுல எல்லாருக்கும் தெரியும், யாரு வேணும்னாலும் வரலாம். யாருன்னு தெரியாது, ஆனா நல்லா ஆடுனான், உண்மையச் சொன்னா எங்கள விட நல்லா. வெளிய அனுப்ப மனசு இல்லாம அனுப்பிட்டு பாஸ்வேர்ட் போட்டேன்.

அடுத்தது தான் ரொம்ப குழப்புனது. மச்சான் சேந்தான், சேந்த உடனே தம்பி பேட் செத்துப் போச்சு. தம்பியோட ஆள மச்சான் ஆட்டுறான்! தம்பி "நான் தாம்ல இது, விடுல"ன்னு டிவிய பாத்து கத்துறான், அவன் அங்க சிரிக்கான். என்னன்னா நெட்ப்ளே ஆரம்பிச்சதும் ஒரு மெஷினுக்கு ஒரு ஆளுன்னு தான் அது எடுத்துக்கும். என் லேப்டாப்புக்கு நம்பர் 1 மட்டும் குடுத்துட்டு, அடுத்து வந்தவனுக்கு காலியா இருக்கிற நம்பர் 2வ தூக்கிக் குடுத்துருச்சு. ஒரே சோஃபால ரெண்டு பேரு இருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும், நாம தான் சொல்லணும். நெட்வொர்க் செட்டிங்ல கீழ போனா ரிக்வெஸ்ட் டிவைஸ் 1, 2, 3ன்னு வரிசையா இருக்கும், ஹோஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அதுல 1, 2 ரெண்டையும் ஆன் பண்ணிரணும். அப்ப என் லேப்டாப் ரெண்டு நம்பரையும் பிடிச்சு வச்சுக்கும், மச்சான் வந்தா 3. அவன் பக்கம் எதுவும் மாத்த வேண்டாம், அவன் பேட் அவனுக்கு ஒன்னாவது பேட் தான், ஆனா கேம்ல மூணாவது ஆளு. வீட்ல ரெண்டு பேரு, வெளிய ஒருத்தன்னு கலந்து ஆடுறதுக்கு இந்த ஒரு செட்டிங் தான் உயிர்நாடி, இத கண்டுபிடிக்க எனக்கு முழுசா ஒரு ராத்திரி போச்சு. நடுவுல ஒரு தடவ அவன் சேந்தும் எதுவும் அசையல, அது பார்வையாளரா நொழஞ்சிருக்கான், கீபோர்டுல ஐ அமுக்குனதும் ஆட்டக்காரனா மாறிட்டான்.

இப்ப வேகத்த பத்தி. நான் இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல படிக்கும்போது கைலெரான்னு ஒன்னு வச்சு லேன்ல ஆடுவோம், அது எல்லாரோட பட்டனும் வந்து சேர்ற வரைக்கும் கேம நிறுத்தி வைக்கும், ஹாஸ்டல் லேன்ல பரவால்ல, கடல் தாண்டுனா ஆடு மேய்க்கிற மாதிரி. ரெட்ரோஆர்ச் பண்றது ரோல்பேக், சண்டை கேம் ஆளுங்க மத்தில டோனி கேனன் எழுதுன ஜிஜிபிஓங்கிற மென்பொருள் மூலமா பிரபலமான வழி. எதிராளி பட்டன் இன்னும் வரலன்னா நிக்காது, போன ஃப்ரேம்ல (ஸ்க்ரீன்ல ஒன்னு பின்னாடி ஒன்னா வர்ற படத்துல ஒன்னு) என்ன பண்ணானோ அதையே தான் பண்ணுவான்னு யூகிச்சு ஓட்டிட்டே இருக்கும், உண்மையான பட்டன் வந்ததும் யூகம் தப்புன்னா கேம கொஞ்சம் பின்னாடி இழுத்து சரி பண்ணி, மறுபடி இந்த நிமிஷத்துக்கு ஓட்டிட்டு வந்து நிறுத்தும், இதெல்லாம் கண்ணிமைக்கிறதுக்குள்ள. புரியலன்னா எங்க கேரக்டர் செலக்ட்ட சொல்றேன். மூணு பேருக்கும் முஸ்தபா வேணும்ல, மச்சான் அவன் ஸ்க்ரீன்ல முஸ்தபாவ எடுத்துட்டேன்னு கத்துறான், அடுத்த நொடி அவன் கண்ணு முன்னாடியே முஸ்தபா கைய விட்டுப் போய் என்கிட்ட வந்துட்டான். அவன விட ஒரு ஃப்ரேம் முன்னாடி நான் அமுக்கியிருக்கேன், அந்தச் செய்தி அவனுக்குப் போய்ச் சேர கொஞ்சம் லேட், வந்ததும் அங்க வரலாறே மாறிப் போச்சு. "ஏமாத்துறியால நீ"ன்னு பத்து நிமிஷம் சண்டை. கடைல கடைக்காரர் பிரிச்சு விட்டார், இங்க ரோல்பேக் பிரிச்சு விடுது.

இந்த இழுப்பு ரொம்ப கண்ணுல தெரியாம இருக்க இன்புட் லேட்டன்சி ஃப்ரேம்ஸ்னு ஒரு செட்டிங். கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம் கிட்ட ஓடுது, ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். பிங் 70ன்னா ஒரு வழி 35, அதாவது ரெண்டு ஃப்ரேம். இத 2ன்னு வச்சா நாம அமுக்குற பட்டனையே ரெண்டு ஃப்ரேம் தாமதமா எடுத்துக்கும், அதுக்குள்ள எதிராளிக்கும் அது போய்ச் சேந்துரும், யூகிக்க வேண்டிய தேவை கொறையும். அடிதடி கேம்ல ரெண்டு ஃப்ரேம் தாமதம் எனக்குத் தெரியவே இல்ல. தம்பி தெரியுதுன்னான், தோக்கும்போது மட்டும் தெரியுது அவனுக்கு.

அப்பவும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா சிக்கி நின்னு பாய்ஞ்சு ஓடுச்சு. ரெண்டு பக்கமும் பிங் ஓட விட்டுப் பாத்தோம், மச்சான் பக்கம் 10, 12ன்னு வர்றது திடீர்னு 180ன்னு குதிக்குது, அவன் பெட்ரூம்ல வைஃபைல உக்காந்திருக்கான், ரூட்டர் ஹால்ல. தூரத்த விட இந்தக் குதிப்பு தான் கொல்லுது, 70ன்னா நெலையா 70 இருந்தா பழகிரும், ஒரு நேரம் 60 ஒரு நேரம் 200ன்னா ஒன்னும் பண்ண முடியாது. அதுலயும் இது டிசிபிங்கிற முறைல போகுது, ஒரு பாக்கெட் (செய்தித் துண்டு) தொலைஞ்சா அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் வரிசைல காத்து நிக்கும். நீளமா ஒரு லேன் வயர் வாங்கி ஹால்லருந்து இழுத்தான், வீட்டுக்காரிட்ட திட்டு வாங்குனான், சிக்கல் போச்சு. நான் ஏற்கனவே டிவி ஸ்டாண்டுல ரூட்டர் பக்கத்துல வயர்ல தான் இருந்தேன். டெயில்ஸ்கேல்னு மெஷின்கள நேரா இணைக்கிற ஒரு மென்பொருள் போட்டு ரிலேயே இல்லாம நேரா இணைச்சும் ஒரு நாள் பாத்தோம், 5 மில்லிசெகண்ட் கூட கொறையல, சர்வர் அவன் ஊர்லயே இருக்கும்போது என்ன கொறையும். எடுத்துட்டேன்.

நாலாவது ராத்திரி சனிக்கிழமை, நமக்கு ஒம்போது மணி, அவனுக்கு பதினொன்னரை. வீட்டுக்காரி தூங்குறாங்கன்னு அவன் ஹெட்செட்ல கிசுகிசுன்னு பேசுறான், இங்க நாங்க ரெண்டு பேரும் கத்துறோம். ஆளுக்கொரு தடவ செலக்ட் பட்டன அமுக்கி காயின், எண்ணிக்கையே இல்ல, கடைல ஒத்த ரூபாய்க்கு கெஞ்சுன ஞாபகம் வந்து தம்பி சும்மாவே முப்பது காயின் போட்டு வச்சான். முஸ்தபாவுக்கு டாஸ் போட்டோம், தம்பி ஜெயிச்சான், நான் ஜாக், மச்சானுக்கு ஹன்னா. ரெண்டாவது ஸ்டேஜ்ல ரெண்டு கத்திய வச்சுட்டு வருவானே கசாப்புக்காரன், அவன்கிட்ட மூணு பேரும் மாத்தி மாத்தி செத்து, மூணாவது ஸ்டேஜ்ல கார் ஓட்டுற இடம் வந்ததும் மூணு பேரும் வாயடச்சுப் போய் சிரிச்சுட்டே ஓட்டுனோம், ஒரு ஃப்ரேம் கூட சிக்கல. நடுவுல மெனு தொறந்தா கேம் நிக்காது, நெட்ப்ளேல அது பின்னாடி ஓடிட்டே இருக்கும், நான் ஒரு தடவ சவுண்ட கொறைக்கப் போய் ரெண்டு உயிர் போச்சு.

பன்னெண்டே முக்காலுக்கு அவன் வீட்ல லைட் எரிஞ்சுது, "யார்ட்ட பேசுறீங்க"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு, கனெக்ஷன் கட். நான் எஃப்2 அமுக்கி அந்த இடத்த சேவ் பண்ணி வச்சிருக்கேன். ஹோஸ்ட் பக்கம் எஃப்4 அமுக்கி லோட் பண்ணா வந்தவனுக்கும் அதே இடம் போய்ச் சேரும். தம்பி ஊருக்குப் போகும்போது டேப் ஒட்டுன பேட அவன் மகன் பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போய்ட்டான். அடுத்த சனிக்கிழமை மூணு ஊர்லருந்து, அப்ப ரிக்வெஸ்ட் டிவைஸ் 2வ ஆஃப் பண்ண மறக்கக்கூடாது.